நாட்டுத் தலைவர் நடுவானில் இருக்கையில்: ஒரு விமானத் திரில்லரை எழுதும் முறை

1999 அக்டோபர் 12 அன்று மாலை கொழும்பிலிருந்து கராச்சிக்குப் பறந்த ஒரு பாகிஸ்தான் பயணிகள் விமானத்தில், இலங்கை இராணுவத்தின் பொன்விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிய பாகிஸ்தான் இராணுவத் தளபதி பர்வேஸ் முஷாரஃப் அமர்ந்திருந்தார். அவர் வானில் இருந்த நேரத்தில் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, வேறொருவரைத் தளபதியாக அறிவித்தார். விமானத்தைக் கராச்சியில் இறங்க விடக்கூடாது என்ற உத்தரவும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போனது. வேறு நாட்டுக்குப் போகும் அளவுக்கு எரிபொருள் இல்லை என்று விமானி சொல்லிக்கொண்டிருக்க, தரையில் இராணுவத்தினர் விமான நிலையத்தைக் கைப்பற்றினார்கள். சில நிமிடங்களுக்கே போதுமான எரிபொருளுடன் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டபோது, நீக்கப்பட்டவர் நாட்டை ஆள்பவராகவும் நீக்கியவர் கைதியாகவும் மாறியிருந்தார்கள். விமானத்துக்குள் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

நாட்டுத் தலைவர் ஒருவர் நடுவானில் ஆபத்தில் சிக்கும் கதையை எழுத விரும்புகிறவர், துப்பாக்கிகளைப் பற்றியும் தற்காப்புக் கலையைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்னால் இந்த நிகழ்வை இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். அன்று முஷாரஃப் நாட்டுத் தலைவர் அல்லர் என்பது உண்மை. ஆனால் ஏறும்போது தளபதியாகவும், பறக்கும்போது எவருமில்லாதவராகவும், இறங்கும்போது ஆட்சியாளராகவும் ஒரே இருக்கையில் ஒரு மனிதர் மூன்று நிலைகளைக் கடந்தாரே, அந்த மாற்றம்தான் இவ்வகைக் கதையின் உயிர்நாடி. பேருந்துக் கடத்தல் கதையில் உயிர்கள் மட்டுமே பணயம். இங்கே பணயம் வைக்கப்படுவது ஆட்சி அதிகாரம். அந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் கதை, விலை உயர்ந்த விமானத்தில் நடக்கும் சாதாரணச் சண்டைக் கதையாகவே முடியும்.

அதிகாரம் யாருடையது என்ற தாள்

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, உங்கள் கதை நடக்கும் நாட்டில் தலைவர் செயல்பட முடியாமல் போனால் சட்டப்படி யார் பொறுப்பேற்பார், அதை யார் அறிவிப்பார், அந்த அறிவிப்பை யார் மறுக்கலாம் என்று எழுதுங்கள். அமெரிக்காவைக் களமாகக் கொண்டால், 1967இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 25ஆவது திருத்தம் உங்கள் கையேடு. அதன் நான்காம் பிரிவின்படி, துணை அதிபரும் அமைச்சரவையின் பெரும்பான்மையினரும் சேர்ந்து அதிபரால் கடமையாற்ற இயலவில்லை என்று நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தால், அந்தக் கணமே துணை அதிபர் செயல் அதிபராகிறார். தனக்கு ஒன்றும் இல்லை என்று அதிபர் திருப்பி எழுதலாம். துணை அதிபர் தரப்பு நான்கு நாள்களுக்குள் அதை மறுக்கலாம். அதன் பிறகு முடிவு நாடாளுமன்றத்தின் கையில். இந்தப் பிரிவு இதுவரை ஒரு முறையும் பயன்படுத்தப்பட்டதில்லை. கதாசிரியருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? யாரும் ஒத்திகை பார்க்காத ஒரு சட்டம், கடத்தப்பட்ட விமானம், கையெழுத்துப் போடத் தயங்கும் ஓர் அமைச்சர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தரையில் நடக்கும் பாதிக் கதை தானாகவே எழுந்து நிற்கும்.

வரலாற்றில் இந்தக் குழப்பம் கற்பனையாக மட்டும் இருக்கவில்லை. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரேகன் சுடப்பட்டபோது, துணை அதிபர் புஷ் டெக்சாஸ் வானில் விமானத்தில் இருந்தார். வெள்ளை மாளிகையில் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்ற வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், துணை அதிபர் திரும்பும் வரை இங்கே பொறுப்பு என்னிடம் இருக்கிறது என்ற பொருள்பட மூச்சு வாங்கப் பேசினார். பதவி வரிசையில் அவருக்கு மேலே வேறு ஆட்கள் இருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நிலைமை தலைகீழாக இருந்தது: அதிபர் வானில், துணை அதிபர் டிக் செனி வெள்ளை மாளிகைக்கு அடியிலுள்ள பாதுகாப்பு அறையில். கடத்தப்பட்ட பயணிகள் விமானங்களைச் சுட்டு வீழ்த்தலாம் என்ற அனுமதியைச் செனி கீழே அனுப்பினார். அதற்கு முன்பே அதிபரிடம் தொலைபேசியில் ஒப்புதல் பெற்றதாக இருவரும் கூறினார்கள். ஆனால் அந்த அழைப்புக்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்று விசாரணை ஆணையம் 2004இல் எழுதியது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு நடந்ததா இல்லையா என்ற கேள்வியை நடுவில் வைத்து முழு நாவலே எழுதலாம்.

களத்தை டெல்லிக்கு மாற்ற விரும்புகிறவர்கள் இந்தத் தாளைப் புதிதாக எழுத வேண்டும். இந்தியாவில் நாட்டின் தலைவர் குடியரசுத் தலைவர். அவரால் கடமையாற்ற முடியாதபோது சாசனத்தின் 65ஆவது பிரிவின்படி குடியரசுத் துணைத் தலைவர் அப்பணிகளைக் கவனிப்பார். ஆனால் உண்மையான நிர்வாக அதிகாரம் பிரதமரிடம் இருக்கிறது. உயிரோடு இருந்தும் தொடர்பு கொள்ள முடியாத பிரதமரின் இடத்தை யார் நிரப்புவது என்பதற்கு அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற எழுத்துபூர்வமான ஏற்பாடு இல்லை. ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு முடிச்சு கிடைக்கும். கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டப்பிரிவை, மனித மாண்புக்கு எதிரானது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் செல்லாததாக்கியது. அமெரிக்கப் படங்களில் பார்த்ததை அப்படியே எடுத்து வேறு நாட்டில் நட்டால் வேர் பிடிக்காது.

விமானத்தின் வரைபடம்

அடுத்து, விமானத்தின் உள்ளமைப்பை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பலரும் ஏர் ஃபோர்ஸ் ஒன் என்பதை ஒரு விமானத்தின் பெயர் என்று எண்ணுகிறார்கள். அது வானொலியில் சொல்லப்படும் அழைப்புக்குறி மட்டுமே. அமெரிக்க அதிபர் ஏறியிருக்கும் விமானப்படை விமானம் எதுவாயினும் அந்தப் பெயர் அதற்கு உரியது. அவர் இறங்கிவிட்டால் பெயரும் இறங்கிவிடும். 1953இல் ஐசன்ஹோவர் சென்ற விமானத்தின் எண்ணும் ஒரு பயணிகள் விமானத்தின் எண்ணும் ஒன்றாக இருந்து குழப்பம் நேர்ந்த பிறகுதான் இந்தத் தனி அழைப்புக்குறி வந்தது. 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகிய நிக்சன் கலிஃபோர்னியாவுக்குப் பறந்துகொண்டிருக்க, நண்பகலில் ஜெரால்டு ஃபோர்டு பதவியேற்றதும், மிசௌரி மாநிலத்துக்கு மேலே இருந்த விமானி தரைக் கட்டுப்பாட்டை அழைத்துத் தம் விமானத்தின் அழைப்புக்குறியை மாற்றிக்கொண்டார். ஒரு மனிதரின் கையிலிருந்து நாடு நழுவுவதை இதைவிடச் சிக்கனமாக எந்த வசனமும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

1990 முதல் அந்தப் பணியில் இருக்கும் இரண்டு போயிங் 747-200பி வகை விமானங்கள் மூன்று தளங்கள் கொண்டவை. மேல் தளத்தில் விமானி அறையும் தகவல் தொடர்புக் கூடமும் உள்ளன. நடுத்தளத்தின் மூக்குப் பகுதியில் அதிபரின் தனியறைகள், அதற்குப் பின்னால் மருத்துவ அறை, ஆலோசனைக் கூடம், உதவியாளர்கள், பாதுகாவலர்கள் என்று வரிசையாகச் சென்று, வால் பகுதியில் பத்திரிகையாளர்கள் அமர்வார்கள். கீழ்த்தளம் சரக்குக்கும் உணவுப் பொருள்களுக்கும் உரியது. ஏறத்தாழ 4,000 சதுர அடி. அதாவது, மூக்கிலிருந்து வாலை நோக்கி நடப்பது அதிகாரத்திலிருந்து விலகி நடப்பது. உங்கள் எதிரி வாலிலிருந்து புறப்பட்டு மூக்கை நோக்கி வருகிறாரா, அல்லது முதலிலிருந்தே மூக்கில் இருக்கிறாரா என்பதை முடிவு செய்தாலே கதையின் நடை அமைந்துவிடும். ஒவ்வொரு கதவையும் படத்தில் குறித்து, எந்தக் கதவு எந்தப் பக்கமிருந்து பூட்டப்படும் என்றும் எழுதுங்கள். பின்னால் நூறாவது பக்கத்தில் ஒரு கதவை மறந்துவிட்டு நீங்கள் விழிப்பதை இது தடுக்கும்.

திரையில் பார்த்த தப்பிக்கும் கூண்டு ஒன்றை அந்த விமானத்தில் தேடாதீர்கள். அப்படி எதுவும் அதில் இல்லை. வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் வசதி உண்டு. அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மேசையும், உடன் பறக்கும் மருத்துவரும் உண்டு. கொஞ்சம் யோசித்தால் கூண்டைவிட இவை கதைக்கு நன்றாகவே உதவும்.

கடிகாரமும் கணக்கும்

ஒரு மேசை விளக்கின் கீழே நீங்கள் செய்ய வேண்டிய எளிய கணக்கு இது. பெரிய விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். இரண்டு பேர் நான்கு நிமிடம் வாக்குவாதம் செய்தால் விமானம் 60 கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. ஓர் எல்லையைக் கடந்திருக்கலாம், துணைக்கு வந்த போர் விமானங்கள் திரும்பிப் போயிருக்கலாம். காட்சி ஒவ்வொன்றின் தலைப்பிலும் நேரம், உயரம், எந்த ஊருக்கு மேலே, மீதமுள்ள எரிபொருள் ஆகிய நான்கையும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால், வாசகருக்கு அவற்றைச் சொல்லாவிட்டாலும் உங்கள் வாக்கியங்களில் அந்த அவசரம் தானே வந்து சேரும்.

எரிபொருளில் ஒரு பொறி இருக்கிறது. நீண்ட தூரப் பயணத்துக்கு நிரப்பப்பட்ட 747 பன்னிரண்டு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். அது திரில்லருக்குத் தாங்காத நீளம். ஆகவே கதையைப் பயணத்தின் தொடக்கத்தில் ஆரம்பிக்காமல் முடிவுக்கு அருகில் ஆரம்பியுங்கள், அல்லது கொழும்பு–கராச்சி போன்ற நடுத்தரத் தூரத்தையும் சிறிய விமானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, இறங்க இடமில்லாமல் செய்வது. 2013 ஜூலையில் பொலிவியாவின் அதிபர் இவோ மொராலிஸ் மாஸ்கோவிலிருந்து தாயகம் திரும்பியபோது, அமெரிக்க உளவு இரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் அந்த விமானத்தில் ஒளிந்திருக்கிறார் என்ற சந்தேகத்தில் ஐரோப்பிய நாடுகள் சில தம் வான்வெளியை மூடிவிட, அவர் வியன்னாவில் இறங்கி இரவெல்லாம் காத்திருக்க நேர்ந்தது. ஸ்னோடன் அதில் இல்லை. கத்தியும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. வெறும் அனுமதி மறுப்பு ஓர் அதிபரைச் சிறைப்படுத்தியது.

பௌதிகத்தோடு பொய் சொல்லாதீர்கள்

விமானத்தின் சுவரில் ஒரு தோட்டா துளைத்தால் விமானம் வெடித்துச் சிதறும் என்பது சினிமா விட்டுச் சென்ற மூடநம்பிக்கை. அழுத்தம் ஏற்றப்பட்ட உடற்பகுதியிலிருந்து காற்று எந்நேரமும் ஒரு வால்வு வழியாக அளவோடு வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. சிறு துளை ஒன்று அந்தக் கணக்கில் ஒரு சில்லறைத் திருத்தம் மட்டுமே. 1988 ஏப்ரலில் ஹவாய் வானில் 24,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 737இன் முன்பக்கக் கூரையே பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார், மற்ற 94 பேரும் விமானம் தரையிறங்கி உயிர் பிழைத்தார்கள். துப்பாக்கியின் உண்மையான ஆபத்து சுவரில் இல்லை. மின்கம்பிகள், கருவிகள், விமானியின் உடல் ஆகியவற்றில்தான் இருக்கிறது.

அதுபோல, உயரத்தில் பறக்கும்போது யாரும் கதவைத் திறந்து எவரையும் வெளியே தள்ள முடியாது. உள்ளழுத்தம் ஒரு பயணிகள் கதவின் மீது பத்து டன்னுக்கும் மேலான விசையோடு அழுத்திப் பிடித்திருக்கும். கதாநாயகர் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் அது அசையாது. திறக்க வேண்டுமானால் விமானம் தாழ வேண்டும், அழுத்தம் வெளியேற்றப்பட வேண்டும். ஆகவே அந்தக் காட்சிக்கு முன்னால் யாரோ ஒருவர் விமானியைத் தாழப் பறக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு காரணமும் ஒரு தந்திரமும் தேவைப்படும். கட்டுப்பாடுகள் இப்படித்தான் கதை நிகழ்வுகளைப் பெற்றுத் தருகின்றன.

35,000 அடியில் அழுத்தம் முழுவதும் போய்விட்டால், ஆக்சிஜன் முகமூடி அணியாதவருக்குத் தெளிவாகச் சிந்திக்கக் கிடைக்கும் நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அதற்குப் பிறகும் அவர் விழித்திருக்கலாம்; ஆனால் தாம் தவறாக யோசிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஓர் உத்தரவில் கையெழுத்திடும் தலைவரை அந்த நிலையில் வைத்துப் பாருங்கள். இயந்திரங்கள் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது என்பதையும் நினைவில் வையுங்கள்: 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கி நான்கு இயந்திரங்களும் அணைந்த ஒரு 747, பன்னிரண்டு நிமிடங்களுக்கும் மேல் மிதந்து இறங்கி, இயந்திரங்கள் மீண்டும் உயிர் பெற்று ஜகார்த்தாவில் தரையிறங்கியது. பன்னிரண்டு நிமிட மௌனம். எந்தச் சண்டைக் காட்சியும் அதற்கு ஈடாகாது.

எதிரி எங்கே அமர்ந்திருக்கிறார்

போலி அடையாள அட்டையோடு ஏறும் அயல்நாட்டுக் கூலிப்படை என்பது எளிதான வழி. எளிதானதால்தான் சலித்துப்போன வழி. உண்மை இதைவிடக் கசப்பானது. மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் 1972 ஆகஸ்ட் 16 அன்று பிரான்சிலிருந்து போயிங் 727இல் திரும்பியபோது, வடக்கு மொராக்கோ வானில் அவருடைய சொந்த விமானப்படையின் எஃப்-5 போர் விமானங்கள் அருகில் வந்தன. துணைக்கு வந்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்கையில் அவை சுட ஆரம்பித்தன. இயந்திரம் பழுதாகி, பயணிகள் காயமடைந்த நிலையில், மன்னர் இறந்துவிட்டார், சுடுவதை நிறுத்துங்கள் என்று விமானத்திலிருந்து வானொலியில் சொல்லப்பட்டதாகவும், மன்னரே வேறொருவர் போலப் பேசியதாகவும் கூறப்படுகிறது. விமானம் ரபாத்தில் இறங்கியது. சதியின் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் பாதுகாப்பு அமைச்சர் முகமது ஊஃப்கீர். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு இராணுவச் சதியை அடக்கிக் கொடுத்ததற்காக மன்னரின் நம்பிக்கையைப் பெற்றவர் அவரே.

இதிலிருந்து எழுத்து நுட்பம் ஒன்றைக் கற்கலாம். எதிரியைப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர நீங்கள் முப்பது பக்கம் செலவழிப்பதற்குப் பதிலாக, அவரை வளையத்தின் ஒரு கண்ணியாகவே வைத்துவிட்டு, அந்த முப்பது பக்கத்தை அவருடைய காரணத்துக்குக் கொடுங்கள். துணை வரும் விமானம் என்று தெரிந்ததே தாக்கும் விமானமாக மாறும் அந்தக் கணத்தில் வாசகரின் வயிற்றில் ஏற்படும் வெறுமை, முகமூடிக் கொள்ளையர்களால் ஏற்படாது. எதிரியின் கோரிக்கையும் நாட்டின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பணம் கேட்கிறவர் ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று வாசகர் கேட்டுவிட்டால் கதை முடிந்தது.

தலைவரும் விமானியும்

தலைவரை முதல் அத்தியாயத்திலேயே அடியாட்களைப் பந்தாடுபவராகக் காட்ட வேண்டாம். விமானம் ஓட்டத் தெரிந்த தலைவர் வேண்டுமானால் வரலாறு உங்களுக்குத் துணை நிற்கும்: எகிப்தின் அதிபராக இருந்த முபாரக் அதற்கு முன் விமானப்படைத் தளபதியாக இருந்தவர், ஜோர்டான் மன்னர் ஹுசைன் 1958 நவம்பரில் தாமே உடன் ஓட்டிச் சென்ற சிறு விமானத்தைச் சிரியாவின் மிக் போர் விமானங்கள் வழிமறித்தபோது, தரையை ஒட்டித் தாழப் பறந்து அம்மானுக்குத் திரும்பினார். ஆனால் அந்தத் திறமையைக் கதையின் கடைசிக் காலணாவாக வைத்திருங்கள். அதுவரை அவர் செய்ய வேண்டியது கடினமான வேறு வேலை: தம்மைக் காப்பாற்றுவதற்காக யாருடைய உயிரைக் கொடுக்கலாம் என்று பிறர் கேட்கும்போது பதில் சொல்வது.

விமானத்துக்குள் இறுதி அதிகாரம் விமானத் தலைவருக்கு உரியது, நாட்டுத் தலைவருக்கு அல்ல. இந்த உரசலைப் பெரும்பாலான எழுத்தாளர்கள் வீணடிக்கிறார்கள். 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, நேராக அதன் தலைநகர் திபிலிசியில் இறங்குமாறு போலந்து அதிபர் லெக் கசின்ஸ்கி கேட்டும், பாதுகாப்பில்லை என்று விமானி மறுத்து அசர்பைஜானின் கஞ்சா நகரில் இறக்கினார். 2010 ஏப்ரல் 10 அன்று அதே அதிபர், வேறொரு தலைமை விமானியுடன், ஸ்மொலென்ஸ்க் மூடுபனியில் இறங்க முயன்ற விமானத்தில் தம்மோடு இருந்த 95 பேருடன் இறந்தார். இரண்டு நிகழ்வுகளையும் ஒரு கோட்டால் இணைத்துக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பணிவாக மறுக்கும் ஒரு விமானியும், மறுப்பைக் கேட்டுப் பழகாத ஒரு தலைவரும் ஒரு குறுகிய அறைக்குள் நிற்கும் காட்சி உங்கள் கதையில் கட்டாயம் இருக்கட்டும்.

உரையாடலைப் பற்றி ஒரு சொல். வானொலிப் பேச்சு குறுகியதாக, எண்கள் நிறைந்ததாக, உணர்ச்சியற்றதாக இருக்கும். பயம் கூடக்கூட விமானிகள் குறைவாகவே பேசுவார்கள். கடத்தல் நேர்ந்ததைச் சொல்ல வாய் திறக்கக்கூட வேண்டாம், விமானத்தின் அடையாளக் கருவியில் 7500 என்ற எண்ணைச் சுழற்றினால் போதும். தமிழில் எழுதும்போது அமெரிக்க அதிகாரிகளின் வாயில் மேடைத் தமிழைத் திணிக்காமல், "ஐயா, இருபது நிமிடம் இருக்கிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இறங்கும் இடம்

ஆபத்தின் உச்சம் 35,000 அடியில் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விமானம் மெதுவாகவும் தாழ்வாகவும் எல்லோருக்கும் தெரிந்த பாதையிலும் வருவது இறங்கும்போதுதான். 1994 ஏப்ரல் 6 அன்று இரவு ருவாண்டா அதிபரையும் புருண்டி அதிபரையும் ஏற்றி வந்த விமானம் கிகாலியில் இறங்கும் தறுவாயில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. சிதறிய பாகங்கள் ருவாண்டா அதிபரின் சொந்த மாளிகைத் தோட்டத்தில் விழுந்தன. சில மணி நேரத்துக்குள் நாடெங்கும் படுகொலைகள் தொடங்கின.

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் கைதட்டலோடு கதையை முடிப்பது வழக்கம். அந்த வழக்கத்தை விட்டு, கதவு திறக்கும் வரை காத்திருங்கள். படிக்கட்டின் கீழே வரவேற்க நிற்பவர்களில் யார் இன்னும் விசுவாசமானவர், யார் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே புதிய ஆட்சிக்குத் தந்தி அடித்துவிட்டவர் என்பது தலைவருக்குத் தெரியாது. ரபாத்தில் ஹசனின் விமானம் இறங்கிய பிறகும் போர் விமானங்கள் திரும்பி வந்து விமான நிலையத்தைச் சுட்டன. அங்கே காத்திருந்தவர்களில் சிலர் இறந்தார்கள். மன்னர் அதற்குள் அங்கிருந்து போய்விட்டிருந்தார். உங்கள் தலைவர் எந்தக் கதவு வழியாக, யாருடைய காரில் ஏறிப் போகிறார் என்பதை முதல் அத்தியாயத்தை எழுதும் முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.